சுயவிருப்பத்தின் பேரில் ஜன்னல் இல்லாத அறை

கூட்டத்திற்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் வருமாறு. தலைவர் ராஜாங்கம், கிழக்கு ஜன்னல் ஓரம், சுழலும் நாற்காலியில். செயலாளர் கண்ணாயிரம், தெற்கு ஜன்னல் ஓரம், சுழலாத நாற்காலியில். அறை ஒதுக்கீட்டு அலுவலர் அபிநயா, மூன்றாவது ஜன்னல் ஓரம். அதைத் திறந்தால் பக்கத்து ஜவுளிக்கடை ஏசியின் சூடான காற்று முகத்தில் அடிக்கும் என்பதால் அது வயதில் சிறியவர்களுக்கு. பயனாளிகளான செல்லனும் அவர் மனைவி சாலம்மாளும் தூணுக்குப் பின்னால் பெஞ்சில். அங்கிருந்து பார்த்தால் தலைவர் தெரிய மாட்டார், தலைவரின் செருப்பு தெரியும். மனு எழுதிப் பிழைக்கும் பூமாலையாகிய நான், தண்ணீர்க் கேன் பக்கத்தில் ஸ்டூலில். கூட்டிப் பெருக்கும் இருசம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இடம் குறிக்கப்படவில்லை.

இடம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், கடல் காணாதோர் நலச் சங்கத்தின் மாடி.

சங்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது கடற்கரை அந்தப் பக்கம் நின்றுவிட்டது, மலை இந்தப் பக்கம் வந்தது. ஊரே புது கலெக்டர் ஆபீஸ் எங்கே வரும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, மணலூர்பேட்டையில் கரும்பு போட்டுக்கொண்டிருந்த ராஜாங்கம் ஒருவர்தான் கைவிட்டுப் போன கடலைப் பற்றி யோசித்தார். மாவட்டத்தில் கடலையே பார்க்காதவர்களைக் கண்டுபிடித்து, பதிவு செய்து, கடல் காட்டுவதென்று சங்கம் தொடங்கினார். கண்டுபிடித்தார்கள். பதிவும் செய்தார்கள். பதிவானவர்கள், சங்கம் காட்டும்வரை வேறெந்த வழியிலும் கடலைப் பார்ப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் நிர்வாகிகள் வேன் வைத்துக்கொண்டு போய்க் கடலை முன்னாய்வு செய்துவிட்டு வந்தார்கள். காட்டுகிற நிலைமையில் கடல் இல்லை என்றே ஒவ்வொரு முறையும் அறிக்கை வந்தது. ஒரு வருடம் அலை ஜாஸ்தி. ஒரு வருடம் வெயில் ஜாஸ்தி. ஒரு வருடம் மீன் வறுவலில் காரம் ஜாஸ்தி.

இந்த வருடம் தப்ப முடியவில்லை. சென்னையில் கிளம்பி இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பலில் நான்கு அறைகளை ஒரு புண்ணியவான் எடுத்துக் கொடுத்துவிட்டார். மூன்று அறைகளுக்குக் கடலைப் பார்த்த பால்கனி உண்டு. நான்காவது கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் உள் அறை. ஜன்னல் கிடையாது. புண்ணியவான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: எந்த அறை வேண்டுமென்று பயனாளிதான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். மிச்சம் நிர்வாகிகளுக்கு.

செல்லனும் சாலம்மாளும் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்கள். சாலம்மாளுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. "பாக்கணும்னு நெனைக்கறத எல்லாம் சீக்கிரம் பாத்துடுங்கம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாலம்மாள் கடல் என்றார். ஏன் கடல் என்று செல்லன் கேட்டதற்கு, "மீதி எல்லாத்தையும் டிவில முழுசா காட்டிட்டான். கடல மட்டும் ரெண்டு பக்கமும் வெட்டிட்டான்" என்றாராம்.

கடல் வணக்கத்துடன் கூட்டம் தொடங்கியது. கிழக்கே பார்த்து ஒரு நிமிடம் மௌனம். தலைவர் ஜன்னலை நோக்கி வணங்கினார். செல்லனும் சாலம்மாளும் தூணை நோக்கி வணங்கினார்கள்.

பிறகு கண்ணாயிரம் கப்பலின் வரைபடத்தை விரித்தார். அவர் முகம் சரியில்லை. பயனாளி பால்கனி கேட்டுவிட்டால் நிர்வாகிகளில் ஒருவர் உள்ளே போக வேண்டும். அது யார் என்று முடிவு செய்ய முந்தின வாரம் கூட்டிய தனிக்கூட்டம், பழைய தண்ணீர்க் கேன் உடைந்ததோடு முடிந்திருந்தது.

"பெரியவரே, நிதானமா பாருங்க. இது கடலோரம். இது உள்ள. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஓரத்துல குளிரு, ஈரம், எரைச்சல், இதப்பத்தி எல்லாம் நாங்க வாயே தொறக்க மாட்டோம்."

செல்லன் குனிந்து பார்த்தார். "ஓரத்துல யாருங்க படுக்கறது?"

"நீங்க சொன்னா நீங்க. இல்லன்னா நாங்க."

"அப்ப நீங்களே படுங்க. எங்களுக்கு உள்ளயே குடுத்துடுங்க."

கண்ணாயிரத்தின் கையிலிருந்த பேனா விழுந்தது. "இன்னொரு தபா சொல்லுங்க."

"உள்ளயே குடுங்கன்றேன். ஓரம் எங்களுக்கு எதுக்குங்க?"

தலைவர் சுழலும் நாற்காலி தானாகச் சுழல எழுந்து, தூணைச் சுற்றி வந்து செல்லனைக் கட்டிப்பிடித்தார். நிர்வாகிகள் தந்திரம் எதுவும் செய்யவில்லை என்பதை நான் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். தந்திரங்கள் தயாராகத்தான் இருந்தன, தேவைப்படவில்லை. மலையில் கொல்லைக்கு ஓரத்தில் பரண் கட்டி அதில் படுப்பவன் காவல்காரன். காட்டுப்பன்றி வந்தால் தகரம் தட்ட வேண்டும், தூங்கக் கூடாது. வீட்டுக்கு வந்த ஆளை ஓரத்தில் படுக்க வைத்தால் அவன் அடுத்த தடவை வர மாட்டான். உள்ளே, அடுப்புச் சூடு தொடும் இடத்தில் பாய் விரித்தால்தான் அது மரியாதை. இத்தனை பெரிய மனிதர்கள் மரியாதையான இடத்தை நீயே எடுத்துக்கொள் என்கிறார்கள், ஓரத்துக் காவலைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று செல்லனுக்குத் தோன்றியிருக்கிறது. கண் கலங்கியதை நானே பார்த்தேன்.

"பயனாளி தன் சுயவிருப்பத்தின் பேரில் உள் அறையைத் தேர்ந்தெடுத்தார்" என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. கைதட்டல் அடங்கியதும் சாலம்மாள் கேட்டார்.

"உள்ள இருந்தா கடலு தெரியுமாங்க?"

கண்ணாயிரம்தான் சமாளித்தார். "கடலு எங்கம்மா போயிடப் போவுது? கப்பலுக்கு அடியிலயேதான் இருக்கும்."

"அடியில இருந்தா நான் எப்டிங்க பாக்கறது? ஜன்னலு இருக்குதுங்களா?"

"ஜன்னல் ஓரத்து ரூமுக்கும்மா. உங்க ஊட்டுக்காரரு வேணாம்னுட்டாரே."

சாலம்மாள் கணவரின் பக்கம் திரும்பினார். அவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்ததால் பார்வையில் தப்பவில்லை.

"சரி, மாடிக்குப் போயி பாத்துக்கறம்" என்றார் செல்லன்.

அபிநயா கோப்பைப் பிரித்து விதியை வாசித்தார். "பயனாளி தனக்கு ஒதுக்கப்பட்ட அறையின் ஜன்னல் வழியாக மட்டுமே கடலைக் காண வேண்டும். மேல்தளத்தில் நின்று காண்பது அனுமதியற்ற காட்சியாகும்." பிறகு சொந்தக் குரலில், "உங்க சேஃப்டிக்குத்தாங்க. மேல நின்னா மலைக்காரங்களுக்குத் தலை சுத்தும்" என்றார்.

"நாங்க இருக்கறதே மேலதாம்மா" என்றார் சாலம்மாள். அது குறிப்பில் ஏறவில்லை.

மறுவாரம் செல்லன் என்னைத் தேடி வந்தார். மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். வீட்டில் பேச்சில்லையாம். சோறு மட்டும் வருகிறதாம்.

"உள்ள வேணாம், ஓரமே குடுங்கனு ஒண்ணு எழுதிக் குடுங்க பூமாலை. தெரியாம சொல்லிட்டேன்."

விருப்ப மாற்றக் கோரிக்கை என்று தலைப்பிட்டு, பணிவுடன் தொடங்கி, காரணத்தை நடுவில் வைத்து, பணிவுடன் முடித்தேன். கூடவே போனேன். கண்ணாயிரம் அதை இரண்டு முறை படித்தார்.

"பெரியவரே, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அன்னிக்கு உங்கள யாரு கட்டாயப்படுத்துனாங்க?"

"யாரும் இல்லைங்க."

"அப்ப அது உங்க விருப்பம். விருப்பத்தை மாத்துனா அது விருப்பமே இல்லன்னு ஆயிடும். விருப்பம் இல்லாத ஒருத்தர நாங்க விருப்பம்னு எழுதிட்டோம்னு ஆயிடும். சங்கம் பொய் சொல்லிச்சுன்னு ஆயிடும். நாங்க பொய் சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுங்க."

"அதான். நீங்க விரும்பித்தான் ஆவணும்."

செல்லன் டாக்டர் சீட்டை நீட்டினார். அதை அபிநயாவிடம் அனுப்பினார்கள். அவர் அனுதாபத்தோடு படித்தார். நல்ல பெண். வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் அனுதாபத்தையும் விதியையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்தார்.

"ஒரு கண்ணு சுத்தமா இல்ல. இன்னொண்ணு பாதி. அப்படின்னா கால்வாசிப் பார்வைங்க. கால்வாசிப் பார்வைக்கு முழு பால்கனி குடுத்தா ஆடிட்ல கேள்வி வரும்."

"முழுசா போறதுக்குள்ள காட்டிடலாம்னுதாம்மா கேக்கறேன்."

"முழுசா போயிட்டா பிரச்சினையே இல்லைங்க. அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. அதுல ஜன்னலே தேவைப்படாது."

ஆனாலும் சங்கம் இரக்கமில்லாதது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. உள் அறையில் ஜன்னல் இல்லாத குறையைப் போக்க ஜன்னல் குழு அமைக்கப்பட்டது. ஒரு ஜன்னல் சட்டம் செய்து, திரை போட்டு, அதற்குள் கடல் படத்தை ஒட்டி அறைச் சுவரில் மாட்டுவதென்று குழு பரிந்துரைத்தது. காலைக் கடலா, மாலைக் கடலா என்பதில் குழு இரண்டாக உடைந்தது. கடைசியில் வெளியிலிருந்து படம் வாங்குவது வீண் செலவு, முன்னாய்வின்போது எடுத்த படங்களே இருக்கின்றன என்று தலைவர் சொன்னார். இருந்தன. எல்லாவற்றிலும் முன்வரிசையில் தலைவர், பக்கத்தில் செயலாளர், பின்னால் குழு உறுப்பினர்கள், கறுப்புக் கண்ணாடியோடு. இருப்பதில் நல்லதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். கருத்துக் கேட்பதற்காகத் தம்பதியை மலையிலிருந்து வரவழைத்தார்கள்.

சாலம்மாள் படத்துக்கு மிக அருகில் போய், தலையைச் சாய்த்து, இடது கண்ணால் தடவுவதுபோல் பார்த்தார்.

"தலைவரு காதுக்கு அந்தாண்ட கொஞ்சம் நீலமா கீதே, அதுங்களா?"

"அதேதான்!" என்றார் கண்ணாயிரம்.

"அது கடலு இல்லீங்க சார்" என்று பின்னாலிருந்து இருசம்மாள் சொன்னார். "அது நம்ம வேனு."

குழு கலைக்கப்பட்டது. சட்டத்துக்கு ஆன செலவு கடல் கணக்கில் எழுதப்பட்டது.

அடுத்தது அறைப் பழக்கப் பயிற்சி. உள் அறைக்குப் போகிறவர்களுக்குக் கப்பலில் மூச்சு முட்டி, கதவைத் தட்டி, மேல்தளத்துக்கு ஓடிவிட்டால் சங்கத்தின் பெயர் என்னாவது? ஆகவே முன்கூட்டியே பழக்க வேண்டும். மாடியில் பதிவேடுகள் வைக்கும் அறையைக் காலி செய்து, இரண்டு கட்டில் போட்டார்கள். அந்த அறைக்கும் ஜன்னல் இல்லை. குழல்விளக்கு ஒன்று, மின்விசிறி ஒன்று, ஓரமாக ஒரு கழிப்பறை. பயனாளிகளின் விருப்பங்கள் அவ்வப்போது மாறாமல் இருக்கின்றனவா என்று எழுத்தில் குறிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் உள்ளே அனுப்பினார்கள். பயிற்சி எப்போது முடியும் என்று கேட்டேன். "நல்லபடியா முடியும்" என்றார் கண்ணாயிரம். வெளியே பூட்டினார்.

சாலம்மாள் ஒரு கட்டிலில், செல்லன் எதிர்க் கட்டிலில், நான் தரையில் கதவோரம். வெளியே கூடத்தில் பயிற்சித் தொடக்க விழா நடந்தது. ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது.

"அன்பார்ந்த பெரியோர்களே! இந்த மாவட்டத்தில் கடல் காணாதவர் ஒருவர் இருக்கும்வரை இந்தச் சங்கம் ஓயாது. ஆகவே அந்த ஒருவரை நாம் கண்ணுக்குக் கண்ணாகக் காப்பாற்ற வேண்டும்!"

கைதட்டல்.

"சிலர் கேட்கிறார்கள், இத்தனை வருடமாக ஒருத்தருக்காவது காட்டினீர்களா என்று. நான் அவர்களைக் கேட்கிறேன். காட்டிவிட்டால்? ஒரு தடவை பார்த்தவனுக்கு நாம் என்ன சேவை செய்ய முடியும்? அவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான்! செல்லன் தம்பதியினர் நமக்கு வழி காட்டியிருக்கிறார்கள். உள் அறையை விரும்பிக் கேட்டதன் மூலம், கப்பலிலும் போய் வருவார்கள், கடல் காணாதோராகவும் நீடிப்பார்கள். அடுத்த ஆண்டும் அவர்களையே அழைத்துப் போகலாம்! அதற்கடுத்த ஆண்டும்!"

"அடுத்த வருசம் வரிக்கும் இந்தக் கண்ணு இருக்குமானு அந்தாளக் கேளுய்யா" என்றார் சாலம்மாள்.

பல நாளைக்குப் பிறகு மனைவி தன்னிடம் பேசிய பேச்சு என்பதால் செல்லன் உடனே எழுந்து போய்க் கதவைத் தட்டினார். கைதட்டலோடு கைதட்டலாக அது போய்விட்டது.

விழா முடிந்தது. நாற்காலிகளை இழுக்கும் சத்தம். கீழே வேன் கிளம்பும் சத்தம். அப்புறம் துடைப்பச் சத்தம் மட்டும். நான் கதவுக்கு அடியில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். இருசம்மாளின் பாதம் வந்து நின்றது.

"எல்லாரும் எங்கம்மா போயிட்டாங்க?"

"கடலப் பாக்கத்தான். கப்பல் ஏர்றதுக்கு முன்னால ஒரு தபா முன்னாய்வு பண்ணணுமாமே."

"சாவி?"

"கீழ அபிநயா மேடத்துக்கிட்ட கீது. இரு, கேட்டுக்கினு வரேன்."

போனவர் திரும்பிவர நேரமாயிற்று. வந்தபோது மூச்சு வாங்கியது.

"வெளிய வரணும்னா உள்ள இருக்கறவங்க எழுதித் தரணுமாம். கைல குடுத்தா வாங்க மாட்டாங்களாம். தபால்ல வரணுமாம். இந்த ரூமு இப்ப கப்பலாம். கப்பல்லேர்ந்து கைல குடுக்க முடியாதாம்."

"அவங்க ஒக்காந்துக்கினு இருக்கறது இதே படிக்குக் கீழத்தானே?" என்றார் செல்லன்.

"அத நானும் சொன்னேன். அந்தப் பொண்ணு பாவம், அதுவே அழுவற மாதிரிதான் கீது. விதியத் தாண்டுனா வேலை போயிடுமாம்." இருசம்மாள் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. சும்மா தொறங்கனு எழுதுனா தள்ளுபடியாம். உள்ளேர்ந்து வெளிய உடறதுக்கு ரெண்டே காரணம்தானாம். கப்பல் கெளம்பணும். இல்லன்னா நீங்க கடலப் பாத்தவங்களா இருக்கணும். பாத்துட்டா அப்பறம் நீங்க யாரோ, சங்கம் யாரோ."

"கப்பல் எப்பக் கெளம்புது?"

"அடுத்த மாசமாம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுதுபலகையை மடியில் வைத்தேன். உடல்நிலை, மனிதாபிமானம், நாற்று நடவு என்று மனதுக்குள் காரணங்களை வரிசைப்படுத்தினேன். எந்தக் காரணமும் அந்த இரண்டில் அடங்கவில்லை.

"எழுதுய்யா தம்பி" என்றார் சாலம்மாள். "நான் கடலப் பாத்துட்டேன்னு எழுது."

செல்லன் பதறிப் போனார். "பொய்யாச்சே அது! கையெழுத்துப் போட்டு எப்டி பொய் சொல்றது?"

"உள்ள வேணும்னு நீ ஆசப்பட்டேன்னு எழுதிக்கினாங்களே, அது நெசமா?"

"அது தெரியாம சொன்னது."

"இது தெரிஞ்சி சொல்றது. அவ்ளோதான்."

"பாத்துட்டேன்னு எழுதிட்டா ஜென்மத்துக்கும் உனக்குக் கப்பலு கெடையாதே சாலம்மா. கடலும் கெடையாது."

"எதுக்குக் கெடையாது? இவங்க காட்டற வரிக்கும் வேற எங்கயும் பாக்க மாட்டேன்னுதானே கையெழுத்துப் போட்டம்? பாத்தவங்கனு ஆயிட்டா அந்தக் கையெழுத்து செத்துப் போச்சு." என் பக்கம் திரும்பினார். "கடலூருக்கு பஸ்ஸு இருக்குதா தம்பி?"

"கீழ ஸ்டாண்டுலேர்ந்தே போவுதும்மா."

"எந்த சீட்டு வேணும்னு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க. எடம் இருந்தா ஒக்காரலாம். இல்லன்னா நின்னுக்கினு போலாம்."

"அது போதும். எழுது."

எழுதினேன். அனுப்புநர், செ. சாலம்மாள், பயிற்சி அறை, முதல் மாடி. பெறுநர், அறை ஒதுக்கீட்டு அலுவலர், அதே கட்டடம், தரைத்தளம். பொருள், கடலைக் கண்டுவிட்டமை குறித்து. அங்கே வந்து பேனா நின்றது. சங்கத்தின் விதி எனக்குத் தெரியும், அதன் படிவங்களை எழுதியவனே நான்தான். கண்டதாகச் சொல்பவர் கண்டதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்.

"கடல் எப்படி இருந்துச்சுனு நீங்க சொல்லணும்மா."

செல்லன் தலையில் கை வைத்துக்கொண்டார். சாலம்மாள் சுவரைப் பார்த்தார். நல்ல கண்ணையும் மூடிக்கொண்டார்.

"பெருசா இருந்துச்சுனு எழுது. இந்தாண்ட நான் நிக்கறேன், அந்தாண்ட ஒண்ணுமே இல்ல. கதவு இல்ல. ஓரம்னு ஒண்ணு இல்ல, உள்ளன்னு ஒண்ணு இல்ல."

எழுதினேன்.

"வந்துச்சு, போச்சு. மறுபடி வந்துச்சு. வரட்டுமானு யாரையும் கேக்கல. போவட்டுமானு யாரையும் கேக்கல."

எழுதினேன்.

"எங்கால நனைச்சுது. உன் பேரு இன்னா, நீ எந்த ஊருனு கேக்கல."

அதையும் எழுதினேன். மேற்கொண்டு ஒரு வரி என்னால் சேர்க்க முடியவில்லை. பணிவுடன் என்ற சொல்லைக்கூடப் போட மறந்துவிட்டேன் என்பது கையெழுத்து வாங்கிய பிறகுதான் தெரிந்தது. சாலம்மாள் தாளைக் கண்ணருகே வைத்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். செல்லன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் எங்க நின்னேன்னு சொல்லலியே" என்றார்.

"பக்கத்துலதான். உன்ன எங்க வுடறது?"

சாட்சி என்ற இடத்தில் செல்லனும் போட்டார். ஒட்டப் பசை இல்லை. சாலம்மாள் தூக்குப் போசியைத் திறந்து கேழ்வரகுக் களியில் ஒரு விரல் எடுத்துத் தந்தார். உறையின் ஓரத்தில் தடவி அழுத்திப் பிடித்தேன். காய்ந்தது. கையிருப்பிலிருந்த தபால்தலையை ஒட்டி, கதவுக்கு அடியில் தள்ளினேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை அதை இழுத்துக்கொண்டது.

"இருசம்மா!" என்று சாலம்மாள் கூப்பிட்டார். "தபால் பொட்டி ஸ்டாண்டாண்டதானே கீது? போட்டுட்டு, அப்டியே கடலூருக்குக் கடைசி பஸ்ஸு எத்தினி மணிக்குனு கேட்டுக்கினு வாம்மா."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று.